பிடித்துக் கொடுத்த அட்மிஷன்

ஐந்து மணிக்குள் அமலாவின் ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். தவறினால் அவளுடைய லேப் டெக்னீஷியன் சீட் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் இருந்த இன்ஸ்டிட்யூட்டின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரான்சிஸின் மனத்தில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அமலா துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். எதிரே மேஜைக்குப் பின்னால், அந்தத் தனியார் லேப் இன்ஸ்டிட்யூட்டை நடத்துகிற செல்வகுமார். அவனுக்குப் பின்னால் பூட்டிய பீரோ. சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட ப்ளஸ் டூ மார்க் ஷீட் அதற்குள் இருந்தது.

போன வருஷம் இதே பெஞ்சில்தான் செல்வகுமார் ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். இந்தப் பக்கம் பீஸ், அந்தப் பக்கம் சம்பளம். "ரெண்டே வருஷந்தான் ஐயா, போட்ட காசு வூட்டுக்கு வந்துடும். அதுக்கப்பறம் வர்றதெல்லாம் லாபம்." பிரான்சிஸ் திண்டிவனம் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அங்கே மூட்டை வந்து இறங்கினால் ஒரு கை கடலை அள்ளி உடைத்து, பருப்பைக் கடித்துப் பார்த்தால் மொத்த மூட்டையும் தெரிந்துவிடும். இங்கே உடைத்துப் பார்க்க என்ன இருந்தது? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்பிள்ளைகள் குறுக்கும் நெடுக்கும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து நம்பினார். அந்த மைக்ராஸ்கோப்பில் விளக்கே எரியாது என்று அமலா சொன்னபோது பீஸ் கட்டி மாதங்கள் ஆகியிருந்தன.

அந்தப் பணமும் அவருடையது அல்ல. மண்டி ஆட்கள் போடுகிற சீட்டில் அந்த மாதம் எடுக்கவேண்டியவன், கூட மூட்டை தூக்குகிற தாண்டவராயன். "பாப்பா படிப்புக்குத்தானண்ணே, நீ எடுத்துக்க, நான் அப்பறமா எடுத்துக்கறேன்" என்று விட்டுக்கொடுத்துவிட்டான்.

ஒரு வருஷம் முடிந்ததும் ட்ரெயினிங் என்று திண்டிவனத்தில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். மாதம் ஏழாயிரம். பஸ்ஸும் மத்தியானச் சோறும் போக, வீட்டுக்கு வந்து சேர்ந்தது கைச்செலவுக்குக் காணாது. லேப் நடத்துகிற அம்மாள்தான் ஒருநாள் போட்டு உடைத்தாள்: "இந்த சர்டிபிகேட்ட வெச்சிக்கினு என்ன மாதிரி ஆளுங்க கிட்டதான் வேல பாக்க முடியும். கவர்ன்மெண்ட்ல செல்லாது. வயசு இருக்குது, இப்பவே வேற பாரு." அமலா அன்றே மனுப் போட்டாள். சீட் கிடைத்துவிட்டது. அரசாங்கத்தில் கட்டவேண்டியது சொற்பம். பிரான்சிஸின் சட்டைப் பையில் பன்னிரண்டாயிரம் இருந்தது. பீஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

"ரெண்டாவது வருஷத்து பீஸ் முப்பத்தெட்டாயிரம். கட்டிட்டீங்கன்னா இப்பவே எடுத்துக் குடுத்துடறேன்" என்றான் செல்வகுமார்.

"அவ ரெண்டாவது வருஷம் படிக்கவே இல்லீங்களே."

"படிக்கறேன்னுதான கையெழுத்துப் போட்டீங்க?"

அமலா எழுந்துவிட்டாள். "சார், அது என் மார்க் ஷீட்டு. நான் பரீட்ச எழுதி வாங்கனது."

"இந்தப் பேச்ச வைவாவுல பேசியிருந்தா டிஸ்டிங்ஷனே போட்டிருப்பேனேம்மா."

"போலீசுக்குப் போவேன்."

"போம்மா. ஸ்டேஷன் பக்கத்துலதான். நீ எழுதிக் குடுத்து, அவங்க படிச்சுப் பாத்து, என்னக் கூப்பிட்டு, நான் பீரோ சாவியத் தேடி…" அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பிறகு குரலை இறக்கினான். "நீ கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாம்மா. அப்பா கிட்ட பேசணும்."

அமலா அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

"உங்களப் பாத்தா பாவமாத்தான் இருக்குது ஐயா. ஒண்ணு பண்ணுங்க. ஒரு அட்மிஷன் புடிச்சுக் குடுங்க. பாக்கியக் கழிச்சுடறேன். உங்க பக்கம் ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு ஒண்ணு கூடவா இல்ல? அட்வான்ஸ் அஞ்சாயிரம் இந்த போன்ல விழட்டும். அடுத்த நிமிஷம் ஃபைலு உங்க கையில."

தாண்டவராயனின் மகள் அன்புச்செல்வி ப்ளஸ் டூ முடித்து வீட்டில்தான் இருந்தாள். இந்த மாதம் சீட்டு எடுத்தவனும் தாண்டவராயன்தான். செல்வகுமாருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தது பிரான்சிஸுக்கு மட்டுந்தான். கேட்ட நொடியிலேயே மனம் நேராக அங்கே போய் நின்றதை நினைத்து அவருக்கே உடம்பு கூசியது.

ஃபைல் கைக்கு வந்ததும் தாண்டவராயனுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். ஐந்தாயிரத்தோடு போகும். அதைக்கூடத் தானே கொடுத்துவிடலாம். ஒரு பக்கம் அன்புச்செல்வியின் ஐந்தாயிரம், இன்னொரு பக்கம் அமலாவின் ஆயுசு. கணக்குச் சரியாகத்தான் வந்தது. செல்வகுமார் போட்டுக் காட்டிய கணக்கும் இப்படித்தான் சரியாக வந்தது.

போனை எடுத்துத் தாண்டவராயனைக் கூப்பிட்டு, "சார் பேசணுமாம்" என்று மட்டும் சொன்னார்.

செல்வகுமார் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். ஆஸ்பத்திரி வேலை, இருபதாயிரம் சம்பளம், உட்கார்ந்த இடத்தில் உத்தியோகம் என்று மூச்சுவிடாமல் அடுக்கினான். மறுமுனையில் மண்டியின் இரைச்சல் கேட்டது.

"அதெல்லாம் நமக்கு இன்னா சார் தெரியும். அண்ணன் இருக்குதா? அண்ணே, நம்ம அமலாவுக்கு அங்க படிப்பு நல்லாருந்துச்சா? நம்ம அன்பு அங்க சேரலாமா?"

பிரான்சிஸ் வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. செல்வகுமார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

மண்டியில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடித்த பருப்பு சொத்தையென்றால் துப்பிவிட்டு "பொக்கு" என்பார். நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை பேசமாட்டார். குனிந்து மூட்டையைத் தூக்கிவிடுவார். பிரான்சிஸ் பேசவில்லையென்றால் சரக்கு சுத்தம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மறுமுனையில் தாண்டவராயன் சிரித்தான். "சரி சரி. நீ என்னிக்கு வாயத் தொறந்து நல்லாருக்குதுன்னு சொல்லியிருக்கற? நம்பர சொல்லச் சொல்லுண்ணே, போட்டுடறேன்."

பணம் வந்துவிட்டதென்று செல்வகுமாரின் போன் சத்தமாகச் சொன்னது. பீரோ திறந்தது.

பஸ்ஸில் அமலா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். "எப்பிடிப்பா குடுத்தாரு?"

"குடுத்துட்டாரு."

"நீ இன்னாப்பா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல."

அது பொய்யும் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழியெல்லாம் போன் கையிலேயே இருந்தது. இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். சொன்னால் தாண்டவராயன் இன்ஸ்டிட்யூட்டோடு சண்டைக்குப் போவான், செல்வகுமார் கல்லூரிக்கே போன் போட்டு எதையாவது கெடுத்துவிடுவான் என்று பயம் வரும். அவனுக்கு அவ்வளவு கை நீளமா என்று யோசித்தார். இருக்காது. ஆனாலும் இன்று எதுவும் நடக்கலாம் என்று தோன்றியது. அட்மிஷன் போட்டு முடிக்கட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டார்.

கல்லூரியில் பெற்றவர்களை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அமலா சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்த வரிசையில் போய் நின்றாள். பிரான்சிஸ் வேப்பமரத்தடியில் நின்றார். வெகுநேரம் கழித்து அவள் ஓடிவந்தாள். ஒரு வருஷமாக அவர் பார்க்காத முகம்.

"போட்டுட்டாங்கப்பா! திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

அவர் கை அவள் தலையைத் தொட்டபோது பைக்குள் போன் அடித்தது. தாண்டவராயனின் நம்பர். பேசியது அன்புச்செல்வி.

"பெரியப்பா, நான் அன்பு. அப்பா இப்பத்தான் சொன்னாரு. நாளைக்கே வரச் சொல்லியிருக்காங்களாமே? வெள்ளக் கோட்டு அவங்களே குடுப்பாங்களா, நாம தைக்கணுமா? அக்காவுது பழசு இருந்தாக்கூடப் போதும் பெரியப்பா."

"அப்பா கிட்ட போனக் குடும்மா."

தாண்டவராயன் வந்தான். "இன்னாண்ணே?"

"பாப்பாவ அங்க அனுப்பாத. மார்க் ஷீட்ட அவன் கையில குடுத்துடாத."

"இன்னாண்ணே பேசற? இப்பத்தான பணத்தப் போட்டேன்?"

"அங்க ஒண்ணும் கெடையாது. அந்தப் படிப்பு செல்லாது. அமலா மார்க் ஷீட்டப் பூட்டி வெச்சிக்கினு ஒரு ஆளப் புடிச்சுக் குடுன்னான். உன் பணத்த நாளைக்கு நான் தந்துடறேன்."

அமலாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"நான் கேக்கும்போதே உனக்குத் தெரியுமா?" என்றான் தாண்டவராயன். அவன் 'அண்ணே' போடவில்லை.

"தெரியும்."

அவன் திட்டவில்லை. போனை வைக்கவும் இல்லை. போன் பிடித்த கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். தூரத்திலிருந்து அன்புச்செல்வியின் குரல் மட்டும் கேட்டது.

"ப்பா, பெரியப்பா இன்னா சொல்றாரு? கோட்டு இருக்குதாமா?"