உடம்பு சொன்ன பதில்

"வாய் சொன்னா விடமாட்டேன். உடம்பு முடியாதுன்னு சொல்லட்டும், அன்னிக்கே விட்டுடறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் சோதனைக்கூடத்துச் சைக்கிளில் ஏறினாள். எவ்வளவு மிதித்தாலும் இருந்த இடத்திலேயே நிற்கும் சைக்கிள் அது. அவள் பிழைப்புக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது.

சைக்கிள் பந்தயத்தில் அப்பாதான் அவளுக்குப் பயிற்சியாளர். வீட்டில் அப்பா, மைதானத்தில் சார் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சாப்பிட உட்கார்ந்தாலும் அவர் சார்தான். மூத்தவளையும் இப்படித்தான் விரட்டினார். முழங்கால் போய், இப்போது அவள் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். அதைத் தினமும் பார்த்தும் மனிதருக்கு மனம் இளகவில்லை. சின்னவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இன்று தோற்க வேண்டும், அணிப் பட்டியலிலிருந்து தன் பெயர் நீக்கப்பட வேண்டும்.

சோதிக்கிறவளை எல்லோரும் ஊசியக்கா என்றே கூப்பிடுவார்கள். அவள் சின்னவளின் தொடையில் ஒரு பட்டையைக் கட்டினாள். தசைக்குள் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அது திரையில் கோடு போட்டுக் காட்டும். பெடலின் சுமையைக் கூட்டும்போதெல்லாம் காது மடலின் வியர்வையைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். தசை திணறத் திணற ரத்தத்தில் லாக்டேட் ஏறும். ஏறியது எவ்வளவு என்று கையடக்கக் கருவி சொல்லிவிடும்.

சுமை பாதி ஏறும் முன்பே சின்னவள் நாடகத்தைத் தொடங்கினாள். புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினாள், தலையைத் தொங்கப்போட்டாள், பெடலிலிருந்து கால் நழுவிச் சரிந்தாள். ஊசியக்கா பதறிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் கூட்டிச் சொல்லிடுங்க" என்று அவள் காதோடு கெஞ்சினாள் சின்னவள்.

சொல்லியிருப்பாள், நல்லவள்தான். ஆனால் அதற்குள் அப்பா தோளுக்குப் பின்னால் வந்து நின்று கருவியைத் தானே படித்துவிட்டார். லாக்டேட் மூன்றைத் தாண்டவில்லை; நிஜமாகத் திணறியிருந்தால் பத்தையாவது தொட்டிருக்கும். திரையில் கோடும் சற்றே இறங்கி, வந்த சுவடு தெரியாமல் மேலே போய்விட்டது. அப்பா திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார், சற்று உட்காரவைத்தார், பிறகு ஏறச் சொன்னார்.

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நிஜமாகவே சாகட்டும் இந்தக் கால்கள் என்று மிதித்தாள். சுமை ஏறிக்கொண்டே போனது. தொடை தீயாய் எரிந்தது, கண் இருட்டியது, கோடு அடிமட்டத்துக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டது. விழுந்துவிட்டால் விடுதலை. ஆனால் பாழாய்ப்போன கால்கள், இத்தனை வருஷப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே சுற்றின. கடைசியில் அவள் விழுந்தபோது, இதுவும் நடிப்போ என்று ஊசியக்காவின் கை ஒரு நொடி தயங்கியது. சின்னவள் தரையில் கிடந்தாள். லாக்டேட் பதினைந்து.

"அப்பா, முடியல. உடம்பே சொல்லிடுச்சு."

அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுந்த அந்தச் சுமையை அணியில் இதுவரை யாரும் தொட்டதில்லை, மூத்தவள்கூட. அவர் மண்டியிட்டு, சிறு வயதுக்குப் பிறகு முதல்முறையாக, தன் துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஆமாம்மா, சொல்லிடுச்சு" என்றார். "உன் பேரைத்தான் முதல்ல போடப்போறேன்."

துண்டைத் தட்டிவிட நினைத்தாள். கை எழவில்லை.