கூண்டுக்குத் துணி போட்டவள்

என் மகள் ரஞ்சனி வாசித்தால் எங்கும் தடுக்காது. கேட்பதற்காகவே எங்கள் வரிசை வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றுவிட்டுப் போவார்கள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு மூச்சிளைப்பு வந்தது. எங்கள் மஞ்சூர்ப் பனியில் காலை நேரம் மேடு ஏற விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதோடு பள்ளிக்கூடம் நின்றது. மூன்று, நான்கு, ஐந்து என்று எல்லா வகுப்புக்கும் என் அடுப்படிதான் பள்ளிக்கூடம், நான்தான் டீச்சர்.

ஒரே ஒரு குறை. புத்தகத்தை மூடிவைத்து, "கண்ணு, இந்தக் கதையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பதிலை அங்கே எழுதி ஒட்டியிருப்பது போலப் பார்ப்பாள். நானே சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். மறுநாள் கேட்டால் மறுபடியும் முகம்தான்.

இளைப்பு அடங்கிவிட்டது, ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு பத்தி கொடுப்பாராம். வாசித்துவிட்டுச் சொந்தமாகப் பதில் சொன்னால் ஆறாம் வகுப்பு, இல்லாவிட்டால் மூன்றாம் வகுப்பு. நெடுநெடுவென்று வளர்ந்த பெண் பொடிசுகளோடு உட்கார வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஊர்த் தேயிலை ஃபேக்டரியைப் பூட்டினார்கள். குன்னூர் ஏலத்தில் தேயிலையைக் கேட்க நாதியில்லை. பறிகூலிக்கே காணாது என்று தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே முற்ற விட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் விஜயன் அந்த ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை அவர் பொறுப்பு. இரவும் பகலும் அங்கேயே கிடந்த மனுஷன் இப்போது வீட்டில் கிடந்தார். ஊரே அடுத்த மாதத்துக்கு என்ன வழி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் அந்தக் கவலைதான். ஆனால் என் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு.

"நான் வேணா பாப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லித் தரட்டுமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க, அவ எத்தனாவது பாடம் படிக்கறான்னாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"ஏதோ ஒண்ணு" என்று சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்துப் போனார்.

சாயங்கால வெயிலில் வாசல் கல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் வாசித்தார், அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நரி கூடைக்குள் உட்கார்ந்து முட்டையிட்டது" என்று அவர் வாசித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கரண்டியும் கையுமாக வெளியே ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் ரஞ்சனி கத்தினாள்.

"பொய்ங்கப்பா! கோழிதான் முட்டை போட்டுச்சு!"

"ஏன், நரி போடக்கூடாதா?"

"நரி குட்டி போடுமுங்கப்பா. அதுவுமில்லாம கீழ பாருங்க, முட்டையைத் திருடத்தான் நரி வருது. அதோட முட்டையை அதுவே திருடுமாக்கும்?"

சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் ஒரு கதையைப் பற்றிச் சொந்தமாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் நான். பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பிடும்போது அவர் விளக்கம் வேறு சொன்னார். "புதுசா வர்ற ஆளுக்கு ருசி பார்க்கப் பழக்கறப்ப வரிசையா கோப்பை வைப்போம். எல்லாம் ஒரே தூளு. நடுவுல ஒண்ணுல மட்டும் கெட்டுப்போன தூளைப் போட்டுச் சொல்லாம வச்சுருவோம். உறிஞ்சித் துப்பிட்டு அவன்பாட்டுக்கு அடுத்ததுக்குப் போனான்னா, ருசி பார்க்கல, வாய் கொப்புளிக்கறான்னு அர்த்தம். பாப்பாவும் இத்தனை நாளா கொப்புளிச்சுட்டுத்தான் இருந்திருக்குது."

கொப்புளிப்பாம். மூச்சு வாங்கிய பிள்ளையின் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே நான் எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்ததற்குப் பெயர் கொப்புளிப்பாம்! அன்றைக்கு அவர் தட்டில் இரண்டாம் முறை ரசம் விழவில்லை.

நானும் அதே மாதிரி செய்துபார்க்காமல் இல்லை. அவர் கடைக்குப் போன நேரத்தில் புத்தகத்தை எடுத்து, "ஆடு மரத்தில் தொங்கியது" என்று வாசித்தேன். ரஞ்சனி என் முகத்தைப் பார்த்தாள். "தப்பா படிக்கறீங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னாள். சிரிக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தவள் போல என் கையை வேறு தொட்டுப் பார்த்தாள்.

அதன் பிறகு நான் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தேன். வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் போய் நிற்பேன். "பனி இறங்குது, உள்ள வா கண்ணு. மூச்சு வாங்கும்" என்று ஸ்வெட்டரைத் தலைவழியாக மாட்டிக் கூட்டிவந்துவிடுவேன். எதிர் மலைத் தேயிலையில் வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருக்கும். அவர் வெயிலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், புத்தகத்தை மூடிவைப்பார். பிள்ளையின் இளைப்பைச் சொன்னால் எந்த அப்பன் எதிர்த்துப் பேசுவான்? மாரியம்மன் கோயிலுக்குப் போய், ஃபேக்டரியைச் சீக்கிரம் திறக்க வை தாயே என்றும் வேண்டிக்கொண்டேன். வயிற்றுப்பாட்டுக்காகக் கேட்கிறாள் என்றுதான் அம்மன் நினைத்திருப்பாள்.

மே மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு தாளைக் கொடுத்தார். ரஞ்சனி தடங்கல் இல்லாமல் வாசித்தாள்.

ஒருத்தி மைனா வளர்த்தாள். தினமும் அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தாள். அது வாயே திறக்கவில்லை. ஒருநாள் அவளுடைய தம்பி ஊரிலிருந்து வந்தான். அவன் சீட்டியடித்ததும் மைனா "வா, வா" என்றது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். அன்று பொழுது சாய்வதற்கு முன்பே அவள் கூண்டின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டாள். அவ்வளவுதான் பத்தி.

யார் வந்தது, மைனா என்ன சொன்னது என்ற கேள்விகளுக்கெல்லாம் பட்டென்று பதில் வந்தது. பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். "அன்னைக்கு மட்டும் ஏன் சீக்கிரமே துணி போட்டு மூடினா?"

எனக்குப் பதில் தெரியும். குளிருக்குத்தான். எங்கள் மலையில் கோழிக்கூண்டுக்குச் சாக்குப் போடாதவர்கள் யார்? குளிர் என்று சொல், குளிர் என்று சொல் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். ரஞ்சனி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உதட்டை அசைத்துக்கூடக் காட்டினேன்.

அவள் ஹெட்மிஸ்ட்ரஸ் பக்கம் திரும்பினாள். "பொறாமைங்க டீச்சர்."

"அப்படி இதுல எழுதலையே?"

"எழுதலைங்க. குளிருன்னா தினமும் அந்நேரத்துக்கே மூடியிருப்பாங்க. எங்கம்மாவும் அப்படித்தானுங்க. அப்பா கதை படிச்சு நான் சிரிச்சன்னா, வெயில் அடிக்கறப்பவே பனி இறங்குதுன்னு ஸ்வெட்டரைப் போட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க."

ஹெட்மிஸ்ட்ரஸின் பார்வை என் மடிக்கு வந்தது. நல்ல மே மாத மத்தியானத்தில் அங்கே மடித்து வைத்த ஸ்வெட்டர் இருந்தது. அதைப் பைக்கு அடியில் தள்ளினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் இல்லாத இருமலை இருமிக்கொண்டிருந்தார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

"ஆறாம் வகுப்பு" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "இந்தக் கேள்விக்குப் பெரிய பசங்களே தடுமாறுவாங்க."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "ஏம்புள்ள, பனி இறங்குதாட்டம் இருக்குதே?"

"பேசாம வாங்க."

"என்னமோ போ. நம்ம கோப்பை வேலை செஞ்சுருச்சு, பாத்தியா?"

அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமெல்லாம் பறந்துவிட்டது. நடுவழியில் நின்றேன்.

"உங்க கோப்பையா? நீங்க சொல்லிக் கொடுத்தது புஸ்தகத்துல இருக்கறதை. மைனாக்காரிக்குப் பொறாமைன்னு அந்தத் தாள்ல எங்க போட்டிருந்துச்சு? மூணு வருஷமா ரஞ்சனி உத்து உத்துப் பார்த்துட்டு இருந்தாளே, அது யாரோட மூஞ்சி? அதை எங்கிட்டதானே படிச்சா?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு ரஞ்சனியின் கையை என் கையிலிருந்து எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெயிலு கொளுத்துது. இந்தப் பக்கம் நிழல்ல வா பாப்பா."

வானம் மூடிக்கொண்டு வந்திருந்தது. ரோட்டில் எந்தப் பக்கமும் நிழல் இல்லை.

ரஞ்சனி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். என்னை எப்படி உற்றுப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு என்னிடம் ஓடிவந்து, என் காதை இழுத்து, "அப்பாவும் துணி போடறாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொன்னா?" என்று அவர் கேட்டார். கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பஸ் வந்துவிட்டது, நானும் ரஞ்சனியும் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்துகொண்டோம்.