சிரிப்புக்கு விட்ட இடம்

அப்பா ஊர்களைச் சிரிப்பின் நீளத்தை வைத்துத்தான் நினைவில் வைத்திருந்தார். பருத்தித்துறையில் சனம் சட்டென்று சிரித்துச் சட்டென்று நிறுத்தும். இரண்டு மூச்சு போதும். சாவகச்சேரிக்கு ஐந்து. யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் கம்பஸ் பெடியள் வசனம் முடியுமுன்னே சிரித்துவிடுவார்கள். அந்த நேரங்களில் அவர் சால்வையை உதறித் தோளில் போட்டபடி நிற்பார். சிரிப்பு ஓயும்போதுதான் அடுத்த வசனம் வரும்.

செபநாயகம் குடும்பம் என்றால் திருவிழா நடத்துபவர்களுக்குத் தெரியும். எங்கள் சிரிப்பு நாடகத்தில் அப்பா கலியாணப் புரோக்கர். அண்ணன் கனிசியஸ் சேலை கட்டிய மணப்பெண். நான் அந்தப் பெண்ணின் தாய். ஏழு வயதில் தாயானவள், எண்பத்தாறாம் ஆண்டில் பத்தொன்பது வயதாகியும் அதே தாய்.

கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இனி மேடை ஏறக்கூடாது என்று பெரியம்மா தொடங்கியிருந்தார். அப்பாவும் வருகிற கோயில் பெருநாளோடு என்னை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு இடத்தில் இருக்க முடியாமல் கிணற்றடிக்கும் வாசற்படலைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் பட்டினத்தில் கலியாண வீடியோ எடுக்கும் முத்தலிப் நானா வந்து, எங்கள் நாடகத்தைப் படமாக எடுத்து ஜேர்மனிக்கும் கனடாவுக்கும் அனுப்பலாம் என்றார்.

"படமெண்டால் அறைக்குள்ளைதானே நடிக்கிறது. இஞ்சை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்," என்றேன். பெரியம்மா தன் பழைய சேலை ஒன்றை எடுத்துத் தந்தார்.

முத்தலிப் நானாவின் கடைக்குப் பின்னறையில் படப்பிடிப்பு. நாலு மணிக்குக் கரண்ட் நிற்கும். கையில் ஒரே ஒரு கசெற். அன்றைக்கு முடியாவிட்டால் வேறு ஆட்களைப் பார்க்கப்போவதாக முன்பே சொல்லியிருந்தார்.

அப்பா தொடங்கினார்.

"மாப்பிள்ளைக்குக் கீழை நூறு பேர் வேலை செய்யினம்."

"அப்ப மனேச்சரோ?" என்றேன்.

"சீச்சீ. ஏழாம் மாடியிலை யன்னல் துடைக்கிறவர்."

சால்வையை உதறினார். நின்றார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. கமெரா மட்டும் இரைந்தது. ஐந்து மூச்சுக்குப் பிறகு, "அதுவும் வெளிப்பக்கம்," என்றார்.

"ஏன் அண்ணை நிக்கிறியள்?" என்றார் முத்தலிப் நானா.

"சனம் சிரிச்சு முடிய வேணுமே."

"இஞ்சை எங்கையண்ணை சனம்?"

"ஜேர்மனியிலை சிரிப்பினம்தானே."

"அவை சிரிக்கட்டும். நீங்கள் கதையுங்கோ."

அப்பா தலையாட்டினார். ஆனால் மறுபடியும் அதே இடத்தில் அவருடைய கை சால்வைக்குப் போனது. ஆறாம் முறையும் போனது. கனிசியஸின் முகப்பவுடர் வியர்வையில் கரைந்து மீசை எட்டிப் பார்த்தது. மூன்றே முக்கால் ஆகிவிட்டது. முத்தலிப் நானா என்னைப் பார்த்தார். என் கால் தன்பாட்டில் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"யன்னல் துடைக்கிறவர்," என்றார் அப்பா.

"வெளிப்பக்கமோ?" என்றேன்.

சால்வை பாதியில் நின்றது. அப்பா வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என்னைப் பார்த்தார், கமெராவைப் பார்த்தார், வாயை மூடினார். முத்தலிப் நானா சிரிப்புச் சத்தம் வராமல் இருக்கத் தன் கையைக் கடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் அப்பாவின் ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் புகுந்தேன். கரண்ட் நிற்குமுன் முடித்துவிட்டோம்.

"இதுதான் வேணும்," என்றார் முத்தலிப் நானா. "அடுத்த படத்தையும் வாற சனிக்கிழமை தொடங்குவம். தங்கச்சி, நீரும் கனிசியஸும் வந்தால் போதும். அண்ணைக்கு ஏன் வீண் அலைச்சல்."

கனிசியஸ் சேலையில் குத்திய பின்னைக் கழற்றாமல் அப்பாவைப் பார்த்தான்.

"வாறம்," என்றேன் நான்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அப்பா கேட்டார்: "அந்த இடத்திலை பொறுக்கத் தேவையில்லையெண்டு உனக்கு எப்பிடிப் பிள்ளை தெரிஞ்சது?"

"தெரியேல்லை அப்பா. எனக்குப் பொறுக்கேலாமல் கிடந்தது."

அப்பா சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தார்.

"சனிக்கிழமை நேரத்துக்குப் போங்கோ," என்றார். "முத்தலிப் ஒருத்தருக்காகவும் நிக்கமாட்டான்."