ஒரு முழ இடைவெளி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மருத்துவமனை வாசலில். நோயாளியைப் பார்க்கப் போனவன், சுவரை ஒட்டி ஓடிய பள்ளத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ‘இந்த இடைவெளியில் எதையும் வைக்காதீர்கள்’ என்று ஒரு பலகை. அதற்கு நேர் கீழே ஒரு பூந்தொட்டி. ஏன் வைக்கக்கூடாது என்று காவலாளியைக் கேட்டேன். “கட்டடம் நகரும் சார்” என்றார், பஸ்ஸைப் பற்றிச் சொல்வதுபோல. போன காரியம் மறந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: ‘பூமி அதிர்ந்தது. கட்டடங்கள் சீட்டுக்கட்டாய்ச் சரிய…’

(வேண்டாம். சினிமா.)

இரண்டாவது: ‘நிலநடுக்கத்திலிருந்து கட்டடங்களைக் காக்கும் முறைகளுள்…’

(எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது: ‘பொறியாளர் குனிந்து பார்த்தாள். பள்ளத்தைக் காணோம்.’

இது இருக்கட்டும்.

3

அந்த மருத்துவமனையை வடிவமைத்தவள் அவள்தான். கட்டடம் நேராக மண்ணில் நிற்கவில்லை. ரப்பரும் இரும்புத் தகடும் மாறிமாறி அடுக்கிய தடித்த தாங்கிகளின் மேல் நிற்கிறது. பூமி வெட்டி இழுத்தால் தாங்கிகள் வளைந்து கொடுக்கும், மேலே கட்டடம் மெதுவாக அசையும். அசைய இடம் வேண்டாமா? அதற்குத்தான் சுற்றிலும் ஒரு முழ வெற்றிடம். வாசல்களில் மட்டும் அதன்மேல் ஓர் இரும்புத் தகடு, கட்டடம் அசைந்தால் வழுக்கிக் கொடுக்க ஒரு பக்கம் பிடிப்பில்லாமல்.

(அடிக்குறிப்பாக: உறுதி என்றால் இறுக்கிக் கட்டுவது என்றே நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.)

ஆண்டுச் சோதனைக்கு வந்தவள், அவசரப் பிரிவு வாசலில் தகட்டைக் காணாமல் திகைத்தாள். வழவழவென்று டைல்ஸ். அதன் கீழே, பள்ளம் நிறைய, கெட்டிச் சிமெண்ட். இந்த வேலையைச் செய்தது அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ். பொறியாளரின் சொந்த அக்கா.

4

முதல் பிரதியில் அக்காவை ஒன்றும் தெரியாதவளாக எழுதியிருந்தேன். வாயைத் திறந்ததும் அந்தப் பிரதியைக் கிழிக்க வைத்தாள்.

“யாரைக் கேட்டுக்கா இதை அடைச்சே?”

“யாரைக் கேக்கணும்? உன் தகடு தரையைவிட விரல் உசரம் தூக்கிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரும் அதுல ஏறிக் குதிக்கும். முதுகெலும்பு உடைஞ்சு வந்த ஒரு பொண்ணு போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நான்தான் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.”

“பூமி ஆடினா கட்டடம் இங்க வந்து முட்டும்க்கா. மூணாவது மாடியில ஆபரேஷன் நடந்துக்கிட்டிருந்தா?”

“எப்ப ஆடும்? சொல்லு.”

“தெரியாது.”

“ஸ்ட்ரெச்சர் தினம் வருது. அது எனக்குத் தெரியும்.”

அப்போது பொறியாளர் உணர்ந்தாள், அதாவது

(எதையும் உணரவில்லை. கோபத்தில் இருந்தாள். நான் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வருவதற்குள் அக்கா கதையை எடுத்துக்கொண்டிருந்தாள்.)

பழைய தகடு இன்னும் இருந்த பக்க வாசலுக்குத் தங்கையை இழுத்துப்போய், “படு” என்றாள். பொறியாளர் ஸ்ட்ரெச்சரில் படுத்தாள். அக்கா தள்ளினாள். தகட்டில் சக்கரம் ஏறிக் குதித்தபோது பொறியாளரின் பல் நாக்கைக் கடித்தது. எலும்பு முறியாத உடம்புக்கே இது.

“சரிவா வேற தகடு செஞ்சு தரேன்க்கா.” குரல் இறங்கியிருந்தது. “பட்டறையில சில வாரம் ஆகும். அதுவரைக்கும் பழைய தகடுதான். ஆனா சிமெண்டை இன்னிக்கே உடைச்சாகணும்.”

“அதுவரைக்கும் வர்றவங்க?”

“தூக்கிக் கடத்தலாமே.”

“ஆள் ஏது? நீ வந்து தூக்குவியா?”

5

முடிவு ஒன்று: மறுநாளே பூமி ஆடுகிறது, தங்கை ஜெயிக்கிறாள். (அக்கா தங்கைச் சண்டையைத் தீர்க்க ஓர் ஊரையே உலுக்குவதா? எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: எதுவும் ஆடவே இல்லை, அக்கா ஜெயிக்கிறாள். (அதை உறுதிசெய்ய நான் எத்தனை காலம் எழுதிக்கொண்டே இருப்பது?)

முடிவு மூன்று: ‘கதைக்கும் ஓர் இடைவெளி வேண்டும்…’ (அக்கா படித்தால் தலையில் குட்டுவாள்.)

எனக்குத் தெரிந்தவரை இவ்வளவுதான்: கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்துடன் ஆள் தயாராக நிற்கிறான். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறது. “உன் கட்டடம், நீயே சொல்லு” என்கிறாள் அக்கா. தங்கையின் கை பாதி உயர்ந்திருக்கிறது.

இனி நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஸ்ட்ரெச்சரில் உங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் படுக்க வையுங்கள். மூன்றாவது மாடி ஆபரேஷன் மேசையில் இன்னொருவரை. பிறகு சொல்லுங்கள்.