கீழ் வீட்டுக்காரர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிற்றிதழ் இனப்படுகொலைச் சிறப்பிதழ் கொண்டுவருகிறது. ஆசிரியர் போனில் கூப்பிட்டு, "ஐந்நூறு வார்த்தைக்குள்ள முடிச்சிடுங்க சார், பக்கம் இல்ல" என்றார். ஒரு சனத்தையே அழித்ததற்கு இரண்டு பக்கம். விளம்பரம் வந்தால் ஒன்றரை.

அதே வாரம் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டின் மாடி காலியானது. இரண்டும் ஒரே கதை என்று அப்போது எனக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்: "ருவாண்டாவின் ஆயிரம் குன்றுகளில் ரத்தம் —"

(அடித்துவிட்டேன். நான் ஏறிய குன்று செஞ்சி மட்டும்தான். அதிலும் பாதி.)

இரண்டாம் தொடக்கம்: "வானொலி ஒரு சனத்தையே கரப்பான்பூச்சி என்று அழைத்த அந்தக் காலையில் —"

(இதை உரக்கப் படித்துப் பார்த்தேன். என் மனைவி ஃபிரான்சுவாஸ், "மாடியில மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்டாள். தொடக்கம் அங்கேயே செத்தது.)

3

மூன்றாம் தொடக்கம் தானாகவே கேட்டைத் திறந்துகொண்டு வந்தது. வீட்டு புரோக்கர் கொளஞ்சி க்ளோதில்டை அழைத்துவந்தான். ருவாண்டாக்காரி. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். ஊரில் விட்டுவந்த மகள் அடுத்த வாரம் வருகிறாள், விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. பார்க்கப் போகிற வீடெல்லாம் இவள் படியேறுவதற்குள் நிரம்பிவிடுகிறதாம்.

எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பாத்திரமே வாடகையும் கொடுத்துக்கொண்டு மாடியில் குடியிருந்தால் எந்த எழுத்தாளனுக்குக் கசக்கும்?

ஃபிரான்சுவாஸுக்கும் சந்தோஷம். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அவளுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சு பேசக் கிடைத்த ஆளை விடுவாளா? காபி கொடுத்தாள். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை பதினாலுக்கு ஏற்றும் கொடியைக் காட்டினாள். சுதந்திரம், சமத்துவம் எல்லாம் பேசினாள். பிறகு கொளஞ்சி பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

"இவங்க என்ன ஆளுங்க?"

(இதைக் கேட்க மட்டும் பிரெஞ்சு உதவாது.)

"ஆப்பிரிக்காக்காரங்கம்மா. அங்கலாம் என்னா இருக்கப்போவுது?"

"எல்லா ஊர்லயும் இருக்கும். கேட்டுத்தான் சொல்லேன்."

என்ன கேட்கிறார்கள் என்று க்ளோதில்ட் என்னைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பில் நேர்மை முக்கியம் என்று மேடை போட்டுப் பேசுகிறவன் நான். அப்படியே மொழிபெயர்த்தேன்.*

* சாதியைக் கேட்பது எப்படிப் படுகொலையில் போய் முடிகிறது, அதன் தோற்றுவாய் என்ன என்று ஆசிரியர் ஒரு பத்தி கேட்டிருந்தார். ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியக்காரர்கள் அடையாள அட்டையில் இனத்தை எழுதிக்கொடுத்ததைக் குறித்துவைத்திருந்தேன். நமக்கு அட்டை எதற்கு? கொளஞ்சி இருக்கிறான்.

4

அவள் சொன்னது பிரெஞ்சில். தமிழ் என்னுடையது.

"எங்கள் நாட்டில் இப்போது இதை யாரும் கேட்பதில்லை. அப்போது, அந்தப் படுகொலை நாட்களில், ரோட்டை மறித்துக் கேட்டார்கள். நாங்கள் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தோம். கீழே கடைக்காரர், ஞானஸ்நானத்தில் என் தம்பிக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். யார் வந்தாலும் கதவைத் திறக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர்தான் திறந்தார். கன்னியர் மடத்தில் இருந்ததால் நான் மட்டும் மிஞ்சினேன்."

பிறகு ஃபிரான்சுவாஸிடம் கேட்டாள்: "உங்கள் கேள்விக்கு நான் தப்பான பதில் சொன்னால் என்ன செய்வீர்கள்?"

(மனைவியைக் கதையில் கொஞ்சம் நல்லவளாக்கலாமா என்று யோசித்தேன். நல்லவள்தான், அதுதான் சிக்கல். பொய்யும் வராது.)

"ஒன்றும் செய்ய மாட்டோம்மா. வீடு காலி இல்லை என்று சொல்லிவிடுவோம்."

க்ளோதில்ட் தலையாட்டினாள். "மாடி பிடித்திருக்கிறது. ஆனால் கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். எங்களைத் தேடி ஒரு கும்பல் வந்தால் கேட்டைத் திறப்பீர்களா? யோசித்து வையுங்கள். சாயங்காலம் வருகிறேன்."

விஷயத்தைச் சொன்னதும் கொளஞ்சி தலையைச் சொறிந்தான். "வீட்டுக்காரங்களுக்கே பரீட்ச வைக்கிற பார்ட்டிய இப்பதான் சார் பாக்கறேன்."

5

முடிவு ஒன்று: ஃபிரான்சுவாஸ் அழுதபடி சாவியை நீட்டுகிறாள். (ஆசிரியருக்குப் பிடிக்கும்.)

முடிவு இரண்டு: வீடு காலி இல்லை. (தெருவுக்குப் பிடிக்கும்.)

முடிவு மூன்று: நான் நெஞ்சை நிமிர்த்தி, "எந்தக் கும்பல் வந்தாலும் —"

பேனா இங்கே நின்றுவிட்டது. "திறக்க மாட்டோம்னு சொல்லிடலாமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

அவள் காபி டம்ளர்களை எடுத்தாள். "வர்றது யாருன்னு தெரியாம எப்படிங்க சொல்றது? நம்ம ஆளுங்களா இருந்துட்டா?"

எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னதைவிட, அது எனக்கு நியாயமாகப் பட்டதுதான் பயம்.

6

காலிங் பெல் அடிக்கிறது. ஃபிரான்சுவாஸ் சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்கும் ஐந்நூறு வார்த்தை தீர்ந்துவிட்டது.

வாசகரே, கேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். போய் ஒரு பதில் சொல்லுங்கள். ஆனால் பார்த்துச் சொல்லுங்கள். திறக்க மாட்டோம் என்று நீங்கள் சொன்னால், அதை நம்பி க்ளோதில்ட் மகளோடு மாடிக்குக் குடிவந்துவிடுவாள். அவள் அம்மாவும் நம்பித்தான் இருந்தாள்.