ஒரே ஒரு நாளைக்கு

எதிர்வீட்டுக்காரருக்கு எங்கள் மாடியில் வைத்த பெயர் ‘மார்க்கு’. வங்கிகளை எடைபோடும் நிறுவனத்தில் வேலை. எந்த வங்கியில் வைப்பு வளர்ந்தது, எதில் கடன் திரும்பி வராமல் போனது என்று பார்த்து வருடத்துக்கொருமுறை வரிசைப்படுத்துவார். அந்த வரிசையில் இரண்டு வருடமாக முதலில் நிற்பது அவருடைய சகலை மேலாளராக இருக்கும் வங்கி. அந்த மார்க்கைப் போட்டதும் இவர் கைதான். பாவம், தலையெழுத்து! சகலை புதுக்கார் வாங்கிய வாரம் மார்க்கு வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை வாங்கியதை மருந்துக்கடையில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

“என்ன அண்ணே, மூணாவது வருஷ மாலை தயாரா?” என்பார் சகலை, படியேறும்போதே.

“கணக்கு போடுது, நானா போடுறேன்?” என்பார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த ஞாயிறு காலை மார்க்கு போட்ட சத்தம் எங்கள் அடுக்களை வரை கேட்டது.

“மாட்டிக்கிட்டான்டி உன் தங்கச்சி புருஷன்! வருஷக் கடைசி நாள்ல வைப்பு மலை மாதிரி ஏறியிருக்கு, மறுநாளே இறங்கியிருக்கு. போட்டோவுக்கு மட்டும் கூட்டம் சேர்த்திருக்கான். எல்லாம் ஒரு நாள் பணம்!”

அங்கே வெங்காயம் நறுக்கும் சத்தம் நின்றது.

“ஏங்க... அதுல நம்ம பணமும் இருக்கு.”

“எந்தப் பணம்?”

“ஊர் வீட்டுக்கு மாடி கட்ட வச்சிருந்தது. ஒரே ஒரு நாளைக்குப் போட்டு எடுத்துக்கோக்கான்னு தங்கச்சி கெஞ்சினா. வட்டிகூட இல்ல, ஒரு பிளாஸ்க்குதான் குடுத்தாங்க. தினம் ஆபீஸுக்குக் கொண்டுபோறீங்களே, அதுதான்.”

இதைக் கிளறினால் யார் யார் போட்டார்கள் என்ற பட்டியல் வரும். அதில் மனைவி பெயர் இருந்தால் மார்க்கின் நாற்காலி போகும். வாயை மூடிக்கொண்டால் சகலைக்கு மூன்றாம் மாலை.

“விட்டுடுங்க. கூடப் பொறந்தவ குடும்பம்ங்க,” என்று அந்த அம்மா அழாத குறை.

மனுஷர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அறிக்கையை எழுதிவிட்டார், மனைவி போட்ட பணத்தையும் முதல் வரியிலேயே சேர்த்து. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகவேண்டும் என்பது இதுதான். வங்கி ஒன்பதாம் இடத்துக்குப் போனது. சகலைக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றது. மார்க்கைப் பழைய கோப்புகள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஜன்னல்கூடக் கிடையாதாம். ஆனால் அன்று சாயங்காலம் படியேறும்போது சீட்டியடித்துக்கொண்டே வந்தார்!

மறுநாள் சகலை வந்தார். உள்ளே நுழையவில்லை. வாசலிலேயே நின்று கையை நீட்டினார்.

“அந்தப் பிளாஸ்க்கக் குடுங்க அண்ணே.”

மார்க்கு கொண்டுவந்து கொடுத்தார். கழுவாமல்.