சன்ன ஊசி

என் கொழுந்தனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். ஆறடி ஆள். ரத்தப் புற்றுநோயோடு மல்லுக்கட்டி மீண்டு வந்தவன். ஊசியைக் கண்டால் மட்டும் குலை நடுங்கும்.

நான் ஒரு ரத்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மைக்ரோ ஆர்.என்.ஏ.தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. உயிரணுவுக்குள் இருக்கும் இத்தனூண்டு இழை அது. ஆனால் பெரிய பெரிய மரபணுக்களின் வாயையே அடைத்துவிடும். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் ரத்த அணு எப்போது முதிர வேண்டும் என்பதுகூட அதன் தயவில்தான். அதில் ஒரு வகை மிதமிஞ்சிப் போனால், வெள்ளணுக்கள் முதிராமலே பெருகத் தொடங்கிவிடும். நோய் திரும்புவதை அந்த வகை முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா என்று பார்க்கிறோம். கொழுந்தனும் இதற்காக ரத்தம் தருகிறான்.

ஒருநாள் அவன் ரத்தத்தில் அந்த வகையின் அளவு எகிறியிருந்தது. சோதனையை மறுபடி ஓட்டினேன், அதேதான். வீட்டில் அவனுடைய அண்ணனிடம் எந்த வாயால் சொல்வேன்?

எங்கள் டாக்டரம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சோதனை போக மீதியிருந்த பிளாஸ்மாவை, அணுக்களைப் பிரித்தெடுத்த ரத்த நீரை, வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன கலரு?"

"மஞ்சள்... இல்ல மேடம், லேசா ரோஸ்."

"சிவப்பணு உடைஞ்சிருக்கு. நீ தேடுறது அதுக்குள்ளயும் கொட்டிக் கிடக்கு. அது வெளிய வந்து அளவ ஏத்தியிருக்கலாம். கண்ண எங்க வச்சிருந்த?"

"அப்ப நோய் திரும்பலயா?"

"அது தெரியாது. மறுபடி எடுத்தாத்தான் தெரியும்."

ரத்தம் எடுத்த நர்ஸுக்கு ஃபோன் போட்டேன்.

"உங்க கொழுந்தன்தான் கெஞ்சிக் கூத்தாடி, குழந்தைங்களுக்குப் போடுற சன்ன ஊசியில எடுக்க வச்சாரு," என்றாள்.

சன்ன ஊசியில் வேகமாக இழுத்தால் அணுக்கள் நசுங்கி உடைந்துவிடும். எனக்கு அவன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவனை அந்த நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன். முகம் வெளிறிப்போனது.

"பெரிய ஊசியா அண்ணி?"

"வாய மூடிக்கிட்டு கைய நீட்டு."

இன்னொரு கையால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். எனக்கும் அந்தப் பிடி வேண்டியிருந்தது.

இந்த முறை பிளாஸ்மா தெளிந்த மஞ்சளாக இருந்தது. மாலையில் அளவு வந்தது. பழையபடிதான், கூடவில்லை. எல்லோர் முன்னாலும் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுவிட்டு, அவனை ஃபோனில் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்லடா. நல்லாத்தான் இருக்க."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"ஆனா இனிமே எப்பவும் பெரிய ஊசிதான். தெரியுதா?"

"குத்தட்டும் அண்ணி," என்றான். "குத்து வாங்க நான் உசுரோட இருக்கேன்ல."